சல்மான் கான் கார் விபத்து வழக்கு: எதிர்வாதம் வென்ற இடம் எது?

மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி ஏ.ஆர். ஜோஷி 2015 டிசம்பர் 10 அன்று நடிகர் சல்மான் கானை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தபோது, பணமும் புகழும் இருந்தால் எந்த வழக்கிலிருந்தும் வெளியே வந்துவிடலாம் என்ற பேச்சுதான் எங்கும் எழுந்தது. நடைபாதையில் உறங்கியவர்களில் ஒருவர் மாண்டு, நால்வர் காயமடைந்து, பதின்மூன்று ஆண்டுகள் கழித்தும் யாருமே குற்றவாளி இல்லை என்றால் மக்களுக்குக் கோபம் வராமல் இருக்காது. ஆயினும் குற்றவியல் வழக்கு நடத்துபவர்கள் அந்தத் தீர்ப்பில் கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்த வழக்கில் அரசுத் தரப்பின் மிக வலுவான சாட்சியத்தைச் செல்லாததாக்கியது குறுக்கு விசாரணையோ புதிய தடயமோ அன்று. தண்டனை கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக அரசுத் தரப்பே விடாமல் கேட்டு வாங்கிய பெரிய சட்டப் பிரிவுதான். குடிபோதை விபத்து வழக்குகளில் பிரிவு குறித்த சண்டை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்திய நீதிமன்றங்களில் அரிது.

நிகழ்வு

2002 செப்டம்பர் 28, சனிக்கிழமை, அதிகாலை சுமார் 2.45 மணி. பாந்த்ரா ஹில் ரோட்டில் இருந்த அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் சலவையகத்தின் முன்படிகளில், அருகிலிருந்த பேக்கரியில் வேலை பார்த்த தொழிலாளர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். டொயோட்டா லேண்ட் க்ரூஸர் கார் ஒன்று சாலையை விட்டு விலகி அந்தப் படிகள்மீது ஏறியது. ஒருவர் இறந்தார், நால்வர் காயமடைந்தனர்.

காரில் சல்மான் கானும், பாடகர் கமால் கானும், சல்மானின் பாதுகாப்புக்காகக் காவல்துறை அமர்த்தியிருந்த காவலர் ஒருவரும் இருந்தார்கள் என்பது அரசுத் தரப்பின் கூற்று. மூவரும் முதலில் ஜுஹுவிலுள்ள ரெயின் பாருக்கும், பிறகு ஜே.டபிள்யூ. மேரியட் ஓட்டலுக்கும் சென்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள் என்றும், வண்டியை ஓட்டியவர் சல்மான் என்றும், அவர் மது அருந்தியிருந்தார் என்றும், அவருக்கு அப்போது ஓட்டுநர் உரிமமே இல்லை என்றும் வழக்கு அமைந்தது. முதல் தகவல் அறிக்கைக்கு அடிப்படையான புகாரைக் கொடுத்தவர் அதே பாதுகாப்புக் காவலர். காருக்குள் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்த ஒருவர், அதுவும் சீருடைப் பணியாளர், தானே முன்வந்து புகார் கொடுத்திருக்கிறார் என்றால் அரசுத் தரப்புக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வழக்கின் முதுகெலும்பே அவர்தான்.

பிரிவின் பயணம்

காவல்துறை முதலில் பதிவு செய்தது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவின் கீழ். அசட்டைத் துணிச்சலாலோ கவனக்குறைவாலோ மரணம் விளைவித்தல் என்ற அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டுகள். காவல் நிலையத்திலேயே பிணை கிடைக்கும். அவ்வாறே கிடைத்தது. மக்களின் கோபம் வலுக்க, அக்டோபர் மாதத்தில் 304-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி சேர்க்கப்பட்டது. மரணம் நேரக்கூடும் என்ற அறிவோடு செய்த செயலால் மரணம் விளைவித்தல் என்பது அதன் சாரம். பத்து ஆண்டுகள் வரை தண்டனை உண்டு. விசாரணை அமர்வு நீதிமன்றத்தில் நடக்க வேண்டும்.

இரண்டு பிரிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு ‘அறிவு’ என்ற ஒரே கூறில் நிற்கிறது. தான் செய்வது ஆபத்தானது என்று எண்ணிப் பார்க்காமல் செய்தவர் முதல் பிரிவில் வருவார். எண்ணிப் பார்த்தும், உயிர் போகலாம் என்று தெரிந்தும் செய்தவர் இரண்டாவதில் வருவார். எனவே இத்தகைய வழக்குகளில் எதிர்தரப்பு வழக்கறிஞர் எடுக்கும் முதல் வேலை கட்சிக்காரரைப் பெரிய பிரிவிலிருந்து சிறிய பிரிவுக்கு இறக்குவது. சல்மானின் வழக்கறிஞர்களும் அதையே செய்தார்கள். 2003-இல் மும்பை உயர் நீதிமன்றம் 304 இரண்டாம் பகுதி பொருந்தாது என்றது. மகாராஷ்டிர அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. நீதிபதிகள் சந்தோஷ் ஹெக்டே, பி.பி. சிங் அமர்வு 2003 டிசம்பரில் நடுவழியில் ஒரு முடிவைச் சொன்னது: உயர் நீதிமன்றம் சாட்சியம் பதிவாகும் முன்பே வழக்கின் உட்பொருள் குறித்துக் கருத்துக் கூறியிருக்கக் கூடாது, குற்றவியல் நடுவர் 304-ஏ பிரிவில் விசாரணையைத் தொடங்கட்டும், சாட்சியத்தைப் பார்த்த பிறகு பெரிய குற்றம் தென்பட்டால் அப்போது அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பட்டும்.

பார்வைக்கு நியாயமான இந்த ஏற்பாட்டில்தான் பின்னாளைய சிக்கலின் வித்து இருந்தது. பாந்த்ரா நடுவர் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. பாதுகாப்புக் காவலர் சாட்சிக்கூண்டில் ஏறினார். முதல் விசாரணையிலும் குறுக்கு விசாரணையிலும் பதில் அளித்தார். 2007 அக்டோபரில் காசநோயால் அவர் இறந்துபோனார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து அரசுத் தரப்பு மீண்டும் 304 இரண்டாம் பகுதியைக் கேட்டது. நடுவர் வழக்கை அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைத்தார். அங்கே எதிர்தரப்பு ஒரு மனுப் போட்டது: இதுவரை நடந்தது சிறிய குற்றத்துக்கான விசாரணை, சாட்சிகளை நாங்கள் குறுக்கு விசாரணை செய்ததும் அந்த அளவில்தான், இனி அறிவு என்ற புதிய கூறு வருகிறது என்றால் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து நடத்த வேண்டும். 2013 டிசம்பரில் அமர்வு நீதிமன்றம் அதை ஏற்று மறு விசாரணைக்கு உத்தரவிட்டது.

பதினொரு ஆண்டு பழைய வழக்கில் மறு விசாரணை கேட்பது வெறும் காலதாமத உத்தி என்று அப்போது பலரும் எழுதினார்கள். என் கணிப்பில் இந்த வழக்கை முடிவு செய்ததே அந்த மனுதான். மற்ற சாட்சிகள் திரும்ப வரலாம். இறந்தவர் வர முடியாது.

அமர்வு நீதிமன்றத்தின் தீர்ப்பு

மறைந்த காவலரின் பழைய வாக்குமூலத்தைச் சாட்சியச் சட்டத்தின் 33-ஆம் பிரிவின் கீழ் அரசுத் தரப்பு தாக்கல் செய்தது. முந்தைய நடவடிக்கையில் சாட்சியம் அளித்த ஒருவர் இறந்துவிட்டால் அந்தச் சாட்சியத்தைப் பிந்தைய நடவடிக்கையில் பயன்படுத்தலாம் என்பது அந்தப் பிரிவு. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு: தரப்பினர் அவர்களாகவே இருக்க வேண்டும், எதிர்தரப்புக்குக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையும் வாய்ப்பும் இருந்திருக்க வேண்டும், இரு நடவடிக்கைகளிலும் தீர்மானிக்க வேண்டிய எழுவினாக்கள் சாரத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். அமர்வு நீதிபதி டி.டபிள்யூ. தேஷ்பாண்டே அந்தச் சாட்சியத்தை ஏற்றார்.

அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்து, 2015 மார்ச் மாதத்தில் சல்மான் கானிடம் நீதிமன்றம் நேரடியாகக் கேள்விகள் கேட்டபோது, தாம் மது அருந்தவில்லை என்றும், வண்டியை ஓட்டியவர் தங்கள் குடும்ப ஓட்டுநர் என்றும் அவர் பதில் கூறினார். அடுத்த சில நாட்களில் அந்த ஓட்டுநரே எதிர்தரப்புச் சாட்சியாக வந்து, ஓட்டியது தாம்தான், முன்பக்க டயர் வெடித்ததால் வண்டி கட்டுப்பாட்டை இழந்தது என்றார். விபத்து நடந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. சிரீகாந்த் சிவடே தலைமையில் வாதாடிய எதிர்தரப்பு, இடதுபக்கக் கதவு மோதலில் இறுகிக்கொண்டதால்தான் சல்மான் ஓட்டுநர் பக்கமாக இறங்க நேர்ந்தது என்றும் விளக்கியது. வலதுபக்கத்திலிருந்து அவர் இறங்கியதைப் பார்த்ததாகக் காயமடைந்தவர்கள் சொன்னதற்கு அது பதில். இறந்தவர் கார் மோதி இறக்கவில்லை, கிரேன் வைத்துத் தூக்கும்போது வண்டி மீண்டும் விழுந்ததால் இறந்திருக்கலாம் என்ற வாதமும் வைக்கப்பட்டது.

அமர்வு நீதிபதி இவை எதையும் நம்பவில்லை. 2015 மே 6 அன்று சல்மான் கானுக்கு ஐந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அன்றே உயர் நீதிமன்றம் இடைக்காலப் பிணை கொடுத்தது. மே 8 அன்று தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

உயர் நீதிமன்றத்தில் அவிழ்ந்தவை

மேல்முறையீட்டில் வாதாடியவர் மூத்த வழக்கறிஞர் அமித் தேசாய். ஓட்டுநரின் சாட்சியம் ஒன்றையே பிடித்துக்கொண்டு போயிருந்தால் வழக்கு எங்கே முடிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பன்னிரண்டு ஆண்டு மௌனத்தை விளக்குவது எளிதன்று. அவர் அரசுத் தரப்பின் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பிரித்தார்.

முதல் கண்ணி, மறைந்த காவலர். உயர் நீதிமன்றம் 33-ஆம் பிரிவின் மூன்றாம் நிபந்தனையில் நின்றது. நடுவர் நீதிமன்றத்தில் 304-ஏ விசாரணையின்போது, குற்றம் சாட்டப்பட்டவருக்கு மரணம் நேரும் என்ற அறிவு இருந்ததா என்பது எழுவினாவே அன்று. அமர்வு நீதிமன்றத்தில் அதுவே தலையாய எழுவினா. ஆகவே இரண்டும் சாரத்தில் ஒன்றல்ல, சாட்சியம் ஏற்கத்தக்கதன்று என்றது. ஏற்றாலும் நம்பத்தக்கதா என்றும் பார்த்தது. காவலர் விபத்து நடந்த நாளில் கொடுத்த புகாரில் மது பற்றிப் பேச்சே இல்லை. அக்டோபர் 1-ஆம் தேதி கொடுத்த கூடுதல் வாக்குமூலத்தில்தான் சல்மான் குடித்திருந்தார் என்பதும், மெதுவாக ஓட்டுமாறு தாம் எச்சரித்தார் என்பதும் வருகின்றன. குற்றவியல் நீதிமன்றங்களில் இதற்கு ‘மேம்படுத்திச் சொன்னது’ என்று பெயர். முக்கியமான செய்தியில் மேம்படுத்தல் வந்துவிட்டால் சாட்சியின் மொத்த எடையும் இறங்கிவிடும். காரில் இருந்த கமால் கானை அரசுத் தரப்பு சாட்சியாக விசாரிக்கவே இல்லை என்பதையும் நீதிமன்றம் அரசுக்கு எதிராக எடுத்துக்கொண்டது. காவலர் இல்லாத நிலையில், காருக்குள் இருந்து பார்த்த சாட்சியாக அரசுத் தரப்புக்கு எஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான்.

வேகத்தைப் பற்றிய கணக்கு சுவையானது. வண்டி மணிக்கு 90 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது என்பது காவலரின் கூற்று. ஓட்டலிலிருந்து வண்டி கிளம்பியது சுமார் 2.15 மணிக்கு, விபத்து 2.45 மணிக்கு. ஜுஹுவிலிருந்து பாந்த்ரா வரையிலான சில கிலோமீட்டர் தூரத்துக்கு, நடுநிசியில், அந்த வேகத்தில் வந்தவருக்கு அரை மணி நேரம் ஏன் ஆனது? எளிய பெருக்கல் வகுத்தல்தான். ஆனால் அரசுத் தரப்பில் யாரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

பாரில் என்ன நடந்தது என்பதற்கு அங்கே வேலை பார்த்தவர்களின் சாட்சியமும் பில்களும் இருந்தன. கண்ணாடிக் குவளையில் இருந்தது நிறமற்ற திரவம். அது வெள்ளை ரம்மா தண்ணீரா என்பதைப் பார்த்தவரால் உறுதியாகச் சொல்ல முடியாது. பில்களைப் போலீசார் முறையான மகஜர் எழுதிக் கைப்பற்றவில்லை. ஒரு மேசையில் பலர் இருந்த பொழுதில் யார் எதைக் குடித்தார் என்பதைப் பில் சொல்லாது என்பது மதுக்கடைப் பக்கம் போகாதவருக்கும் விளங்கக்கூடிய செய்தி.

இரத்தக் குப்பி

குடிபோதை வழக்குகளில் எதிர்தரப்பு அதிகம் உழைக்கும் இடம் இரத்த மாதிரிதான் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு வைக்கும் வரம்பு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராம் சாராயச் சத்து. சல்மானின் மாதிரியில் 62 மில்லி கிராம் இருந்ததாகக் கலீனாவிலுள்ள தடய அறிவியல் ஆய்வகம் அறிக்கை கொடுத்தது. வரம்பைப் போல் இருமடங்கு.

ஆனால் இரத்தம் எடுக்கப்பட்டது அதிகாலையில் அன்று. பாந்த்ராவிலுள்ள பாபா மருத்துவமனையில் அதற்கு வசதி இல்லை என்று ஜே.ஜே. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று பிற்பகலில்தான் எடுத்தார்கள். மனித உடல் பொதுவாக மணிக்கு 10 முதல் 20 மில்லி கிராம் வரை இரத்தத்திலுள்ள சாராயச் சத்தைக் கழிக்கும். பத்து மணி நேரத்துக்குப் பிறகும் 62 இருந்தது என்றால் விபத்து நேரத்தில் 160-க்கும் 260-க்கும் இடையில் இருந்திருக்க வேண்டும். அது நிற்கவும் தள்ளாடும் அளவு. அரசுத் தரப்பு இதைத் தனக்குச் சாதகமாகப் படிக்கலாம்: அவ்வளவு குடித்திருந்தார். எதிர்தரப்பும் தனக்குச் சாதகமாகப் படிக்கலாம்: அவ்வளவு குடித்தவர் மேரியட்டிலிருந்து பாந்த்ரா வரை வந்ததையும், முதல் புகாரில் அது ஒரு சொல்லாகக்கூட இடம்பெறாததையும் எப்படி நம்புவது, ஆகவே மாதிரியில்தான் கோளாறு. இரண்டு வாசிப்புகளுக்கும் இடம் இருந்தால் பலன் யாருக்குப் போகும் என்பது சட்டம் படித்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கோளாறு என்று சொல்ல எதிர்தரப்புக்கு ஆதாரமும் கிடைத்தது. மருத்துவர் எடுத்ததாகச் சொன்னது 6 மில்லி லிட்டர். ஆய்வகத்தில் பதிவானது 4 மில்லி லிட்டர். மீதி இரண்டு எங்கே என்பதற்கு விளக்கம் இல்லை. சனிக்கிழமை எடுத்த மாதிரி திங்கட்கிழமை, செப்டம்பர் 30 அன்றுதான் ஆய்வகம் போய்ச் சேர்ந்தது. இடையில் அது யார் கையில், எந்த இடத்தில், எந்தக் குளிர்நிலையில் இருந்தது என்பதற்கான சாட்சியச் சங்கிலி முழுமையாக இல்லை. இரத்தத்தைக் கெடாமல் காக்கும் சோடியம் ஃபுளோரைடு சரியான அளவில் கலக்கப்படாவிட்டால், வெதுவெதுப்பில் கிடக்கும் மாதிரியில் நுண்ணுயிர்கள் சர்க்கரையை நொதிக்கச் செய்து சாராயச் சத்தைத் தாமே உண்டாக்கிவிடக்கூடும் என்பது தடய அறிவியலில் அறியப்பட்ட செய்தி. இந்த வழக்கில் அப்படி நடந்தது என்று எதிர்தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்க முடியாது என்று அரசுத் தரப்பால் காட்ட முடியவில்லை என்பதே போதும். காட்ட முடியவில்லை. 62 என்ற எண் வழக்கிலிருந்து விழுந்தது.

இந்தப் பிழைகளில் ஒன்றுகூடப் பெரிய வழக்கறிஞர் வைத்து உண்டாக்கியதன்று என்பதைக் குறிப்பிட வேண்டும். எல்லாம் 2002 செப்டம்பரின் கடைசி மூன்று நாட்களில் காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் ஆய்வகத்துக்கும் இடையே நடந்தவை. அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க நேரமும் வல்லுநர் துணையும் வேண்டும். அது வசதியுள்ளவருக்குத்தான் கிடைக்கும் என்பதும் உண்மைதான். உரிமம் இல்லாமல் லாரி ஓட்டிப் பிடிபடுபவரின் வழக்கில் குப்பியில் எத்தனை மில்லி லிட்டர் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஓட்டுநரின் சாட்சியத்தைப் பொறுத்தவரை, எதிர்தரப்புச் சாட்சி என்பதாலேயே தாழ்த்தி மதிப்பிடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் கருதியது. டயர் மோதுவதற்கு முன் வெடித்ததா, மோதியதால் வெடித்ததா என்பதையும் அரசுத் தரப்பு உறுதியாக நிறுவவில்லை. வண்டியை ஓட்டியவர் சல்மான் என்பதும், அவர் போதையில் இருந்தார் என்பதும் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்ற முடிவோடு விடுதலை வந்தது. மகாராஷ்டிர அரசு இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது.

அருகிலேயே நடந்த இன்னொரு விபத்து

இதே பாந்த்ராவில், கார்ட்டர் ரோட்டில், 2006 நவம்பர் 12 அதிகாலை, நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்கள்மீது டொயோட்டா கொரோலா கார் ஏறி ஏழு பேர் இறந்தனர். எட்டுப் பேர் காயமடைந்தனர். அலிஸ்டர் அந்தோணி பெரேரா வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். விசாரணை நீதிமன்றம் 304-ஏ பிரிவில் ஆறு மாதத் தண்டனையோடு விட்டது. 2007-இல் உயர் நீதிமன்றம் அதை 304 இரண்டாம் பகுதிக்கு உயர்த்தி மூன்று ஆண்டுகள் விதித்தது. 2012 ஜனவரியில் நீதிபதிகள் ஆர்.எம். லோதா, ஜே.எஸ். கேஹர் அமர்வு அதை உறுதி செய்தது.

அங்கே எதிர்தரப்பு எடுத்த வாதங்கள் பெரும்பாலும் வடிவத்தைப் பற்றியவை. வனையப்பட்ட குற்றச்சாட்டில் போதை குறிப்பிடப்படவில்லை. போதை பற்றிய சாட்சியம் குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேள்வியாக முறைப்படி வைக்கப்படவில்லை. அறிவோடு செய்த குற்றமும் அசட்டைக் குற்றமும் ஒரே செயலில் சேர்ந்து நிற்க முடியாது. வடிவக் குறையால் உண்மையான பாதிப்பு ஏற்பட்டதைக் காட்டினால்தான் பலன் என்றும், ஒரே செயலில் சிலர் இறந்து சிலர் காயமடைந்திருக்கையில் இரு குற்றச்சாட்டுகளும் சேர்ந்து நிற்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரத்தத்தில் 0.112 சதவீதம் என்ற ஆய்வக எண் கடைசி வரை அசையவில்லை; ஓட்டியவர் யார் என்பதில் தகராறே இல்லை. மூன்று ஆண்டுகள் மிகவும் குறைவு, ஆனால் அரசு மேல்முறையீடு செய்யாததால் உயர்த்த இயலவில்லை என்றும் நீதிபதிகள் எழுதினார்கள். இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், போதை வழக்கில் வடிவ வாதங்களைவிடப் பொருள் சார்ந்த கேள்விகளே, அதாவது யார் ஓட்டினார், குப்பி எந்த வழியில் போனது என்பவையே, எதிர்தரப்புக்குக் கைகொடுத்திருப்பது தெரியும்.

இன்றைய சட்டத்தில்

2024 ஜூலை 1 முதல் 304-ஏ இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவும், 304 இடத்தில் 105-ஆம் பிரிவும் வந்துவிட்டன. சிறிய பிரிவின் அதிகபட்சத் தண்டனை இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்ந்திருப்பதால், பெரிய பிரிவைத் துரத்த வேண்டிய கட்டாயம் அரசுத் தரப்புக்குச் சற்றுக் குறைந்திருக்கிறது. சல்மானுக்கு 304 இரண்டாம் பகுதியில் கிடைத்த அதே ஐந்து ஆண்டுகள் இன்று சிறிய பிரிவிலேயே கிடைக்கக்கூடும். சாட்சியச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, பாரதிய சாட்சிய சட்டத்தின் 27-ஆம் பிரிவாக அதே நிபந்தனைகளோடு தொடர்கிறது. வழக்கு நடுவில் பிரிவு மாறி, சாட்சி இறந்துபோனால் அதே கேள்வி மீண்டும் எழும். 2019 திருத்தத்துக்குப் பிறகு 185-ஆம் பிரிவில் மூச்சுக் கருவியோடு ஆய்வகச் சோதனையும் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

வழக்கறிஞர்கள் இன்று கவனிக்க வேண்டிய புதிய முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது. ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கு வந்து தடயம் சேகரித்து, அதைக் காணொளியாகப் பதிய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு சொல்கிறது. 105-ஆம் பிரிவு அந்த வரம்புக்குள் வருகிறது. ஐந்து ஆண்டுத் தண்டனை கொண்ட 106(1) வருவதில்லை. ஆகவே விபத்து நடந்த முதல் சில மணி நேரத்தில் நிலைய எழுத்தர் எந்தப் பிரிவைப் போட்டு முதல் தகவல் அறிக்கையைப் பதிகிறாரோ, அதைப் பொறுத்தே வெடித்த டயரையும் இறுகிய கதவையும் வல்லுநர் ஒருவர் வந்து பார்ப்பாரா இல்லையா என்பது முடிவாகும்; சிறிய பிரிவில் பதிந்து, வாரம் கழித்துப் பெரிய பிரிவைச் சேர்த்தால், அதற்குள் வண்டி கிரேன் ஏறிப் போயிருக்கும்.